முதலாளிகள் பேசும் ஏ.ஐ: வாங்க ஒரு படி, விற்க ஒரு படி!

(கள்ளக்குறிச்சியில் கல்லூரி மாணவர்களும் வியாபாரிகளும் கலந்து கொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வாசகர்களுக்காகச் சில இடங்கள் விரித்து எழுதப்பட்டுள்ளன.)

 

நம் ஊர் மார்க்கெட் கமிட்டிக்கு மக்காச்சோள மூட்டை ஏற்றி வருகிற விவசாயி, வண்டியை விட்டு இறங்கியதும் முதலில் எதைப் பார்க்கிறார்? விலைப் பலகையையா? இல்லை. எடை மேடையைத்தான் பார்க்கிறார். விலை எவ்வளவு ஏறி என்ன, எடையில் பிடித்துக் கொண்டால் கைக்கு என்ன வரும்? வாங்குவதற்கு ஒரு படியும் விற்பதற்கு வேறொரு படியும் வைத்திருக்கிற வியாபாரியை எந்தக் காலத்திலும் நம் மக்கள் நம்பியதில்லை.

சரக்குக்கு நாம் வைத்திருக்கும் இந்த நியாயத்தைச் சொல்லுக்கு வைத்திருக்கிறோமா? பெரிய பெரிய முதலாளிகள் இன்று பேசுகிற பேச்சை எந்தப் படியால் அளக்கிறோம்?

செயற்கை நுண்ணறிவு, ஏ.ஐ என்கிறார்களே, அதைப் பற்றித்தான் சொல்கிறேன். கேட்டால் கடிதம் எழுதும், படம் வரையும், கணக்குப் பார்க்கும், கம்ப்யூட்டருக்கு வேண்டிய நிரலையும் எழுதித் தரும். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த நாள் முதல், எந்த நிறுவனத் தலைவர் மேடை ஏறினாலும் இந்த ஒரு பேச்சுதான்.

மதரஸாவில் ஓதி வந்த மனிதருக்கு இதில் என்ன தெரியும் என்று சிலர் முகத்தைச் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. அந்த இயந்திரத்தின் உள்ளே என்ன ஓடுகிறது என்பதைச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் பேச்சை எடை போடுவது எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்ட பாடம். ஒரு செய்தி வந்தால் அதை அறிவித்தவர் யார்? யாரிடம் அறிவித்தார்? எப்போது? இதற்கு முன் வேறு மாதிரி சொன்னாரா? இதையெல்லாம் விசாரித்த பிறகுதான் அந்தச் செய்தியை ஏற்க வேண்டும். அந்த விசாரணையை இங்கேயும் நடத்திப் பார்ப்போம் என்கிறேன். இதற்குக் கம்ப்யூட்டர் படிப்பு தேவையில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லி விடுகிறேன். ஏ.ஐ வேண்டாம் என்று சொல்வதற்காக இந்த உரை இல்லை. ஒலிபெருக்கி கூடுமா கூடாதா என்று வாதாடியே ஒரு தலைமுறைக் காலத்தைக் கழித்த சமுதாயம் நாம்! இன்னொரு தலைமுறையை அப்படிக் கழிக்க முடியாது. கற்றுக் கொள்ளுங்கள். நன்றாகவே கற்றுக் கொள்ளுங்கள்.

நமக்கு இதில் என்ன வந்தது?

கள்ளக்குறிச்சி 2019ல் தனி மாவட்டமானது. கரும்பு, நெல், மக்காச்சோளம், மரவள்ளி, அரிசி ஆலை, சர்க்கரை ஆலை. இவைதான் நம் பிழைப்பு. மேலே கல்வராயன் மலையில் இருப்பவர்கள் கூலிக்காக வெளி மாவட்டங்களுக்கும் வெளி மாநிலங்களுக்கும் போய் வருகிறார்கள். இந்த நிலையில் ஒரு குடும்பம் ஒரு படி மேலே ஏற வேண்டும் என்றால் அதற்கு இருக்கிற ஏணி என்ன? பிள்ளையை இன்ஜினியரிங்கோ பி.சி.ஏவோ படிக்க வைத்து, சென்னையிலோ பெங்களூரிலோ ஒரு கம்பெனியில் சேர்ப்பது. அதற்காக அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போகிறது. அத்தா சவூதியில் இன்னும் 4 வருடம் கூடுதலாக இருக்கிறார். அந்த ஏணியின் அடிப்படிகள் எவை? கஸ்டமர் கேர், சாஃப்ட்வேர் சோதனை, கணக்குப் பதிவு, புதிதாகச் சேர்ந்தவர் எழுதுகிற எளிய நிரல். இந்த இயந்திரம் முதலில் கை வைப்பதும் சரியாக இந்த அடிப்படிகளில்தான்! அதனால்தான் மும்பையில் ஒரு முதலாளி பேசினால் சின்னசேலத்தில் ஒரு வீட்டில் அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

இனி விசாரணைக்கு வருவோம்.

பெங்களூரைச் சேர்ந்த டுக்கான் என்ற நிறுவனம். கடைக்காரர்கள் இணையத்தில் கடை திறக்க உதவுவது அதன் தொழில். அதன் தலைவர் சுமித் ஷா 2023 ஜூலையில் பகிரங்கமாக அறிவித்தார்: வாடிக்கையாளர் சேவை ஊழியர்களில் 90 சதவீதம் பேரை நீக்கி விட்டோம், அந்த வேலையை ஏ.ஐ பார்க்கிறது, ஒரு புகாரைத் தீர்க்க முன்பு 2 மணி 13 நிமிடம் ஆனது, இப்போது 3 நிமிடம் 12 விநாடி, செலவு சுமார் 85 சதவீதம் குறைந்தது. விநாடி வரை கணக்கு வைத்திருக்கிறார், பார்த்தீர்களா? அந்த அறிவிப்பில் போனவர்களுக்கு என்ன கொடுக்கப்பட்டது என்ற எண் இருந்ததா என்றால், இல்லை. கேட்டவர்களுக்கு, நேரம் வரும்போது சொல்கிறேன் என்ற ரீதியில் பதில் வந்தது. செலவை அளக்க நல்ல படி இருக்கிறது. மனிதரை அளக்க அந்தப் படி எங்கே போயிற்று?

அடுத்தது ஸ்வீடன் நாட்டின் கிளார்னா. கடனில் பொருள் வாங்க உதவும் நிறுவனம். 2024 பிப்ரவரியில், எங்கள் ஏ.ஐ உதவியாளர் ஒரே மாதத்தில் 23 லட்சம் உரையாடல்களைக் கையாண்டது, இது 700 முழுநேர ஊழியர்களின் வேலைக்குச் சமம் என்று அறிவித்தார்கள். உலகமே கை தட்டியது. 2025 மே மாதம் அதே நிறுவனத்தின் தலைவர் செபாஸ்டியன் சீமியாட்கோவ்ஸ்கி என்ன சொன்னார்? செலவைக் குறைப்பதிலேயே அதிகம் கவனம் போய் விட்டது, சேவையின் தரம் குறைந்தது, மீண்டும் மனிதர்களை வேலைக்கு எடுக்கிறோம் என்றார். முதல் அறிவிப்புக்குக் கிடைத்த ஓசையில் கால்வாசியாவது இரண்டாவது பேச்சுக்குக் கிடைத்ததா?

ஐ.பி.எம். தலைவர் அரவிந்த் கிருஷ்ணா, ஆந்திராவில் பிறந்தவர். 2023 மே மாதம் அவர் சொன்ன கணக்கு, பின்னணி அலுவலகப் பணிகளில் சுமார் 7,800 இடங்களை ஐந்தாண்டுகளில் ஏ.ஐ நிரப்பி விடக்கூடும் என்பது. இரண்டு வருடம் கழித்து, மனிதவளப் பிரிவில் சில நூறு பேரின் வேலை ஏ.ஐக்குப் போனது, ஆனால் மொத்த ஊழியர் எண்ணிக்கை கூடியிருக்கிறது என்கிறார். அவரைப் பொய்யர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் முதல் கணக்கைக் கேட்டுப் படிப்பையே மாற்றிக் கொண்ட மாணவன் யாராவது இருந்தால், அவனுக்கு யார் பதில் சொல்வது?

அமேசானை ஒரே வரியில் சொல்லி முடிக்கிறேன். 2025 ஜூனில் அதன் தலைவர் ஆண்டி ஜாஸி, ஏ.ஐ காரணமாக வரும் ஆண்டுகளில் அலுவலக ஊழியர்கள் குறைவார்கள் என்று ஊழியர்களுக்கே எழுதினார். அக்டோபரில் 14,000 பேரை நீக்குவதாக அறிவித்த பிறகு, இதற்கு இப்போதைக்கு ஏ.ஐ காரணமில்லை, நிறுவனத்தின் கலாச்சாரம்தான் காரணம் என்றார்!

சிறுசேரிக்கு வருவோம்

தூரத்து ஊர்க் கதைகள் போதும். நம் பிள்ளைகள் வேலை பார்க்கிற இடத்திற்கு வருவோம்.

சென்னை சிறுசேரி சிப்காட்டில் மாபெரும் வளாகம் வைத்திருக்கும் டி.சி.எஸ். நாட்டிலேயே பெரிய தகவல் தொழில்நுட்ப நிறுவனம் இதுதான். இதன் தலைவர் கே. கிருத்திவாசன் 2024 ஏப்ரலில் லண்டனிலிருந்து வரும் ஃபைனான்சியல் டைம்ஸ் பத்திரிகைக்கு அளித்த பேட்டியில், ஏ.ஐ வளர்ச்சியால் கால் சென்டர்களின் தேவை மிகவும் குறைந்து விடும், ஓராண்டிற்குள்ளாகவே கூட அது நடக்கலாம் என்ற கருத்தைச் சொன்னார். அது வெளிநாட்டு வாடிக்கையாளர்களும் முதலீட்டாளர்களும் படிக்கிற பத்திரிகை. 2025 ஜூலையில் அதே நிறுவனம் ஊழியர்களில் 2 சதவீதம் பேரை, அதாவது சுமார் 12,000 பேரை நீக்கப் போவதாக அறிவித்தது. ஏ.ஐ காரணமா என்று கேட்டபோது, இல்லை, திறன் பொருத்தமின்மையும் பணியில் அமர்த்த முடியாத நிலையும்தான் காரணம் என்றார். அக்டோபரில் முதலீட்டாளர்கள் முன்னிலையில் உலகின் மிகப் பெரிய ஏ.ஐ வழித் தொழில்நுட்ப சேவை நிறுவனமாக ஆவதே எங்கள் இலக்கு என்று முழங்கினார்கள். செப்டம்பருடன் முடிந்த காலாண்டில் அங்கே ஊழியர் எண்ணிக்கை 19,755 குறைந்து 5,93,314 ஆகியிருந்தது. தாமாக விலகியவர்களும் அதில் அடங்குவர் என்பதையும் நியாயமாகச் சொல்லி விட வேண்டும்.

மூன்று பேச்சும் தனித்தனியே உண்மையாகவே இருக்கலாம். அதை மறுக்கவில்லை. ஆனால் யாரிடம் எது பேசப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். பங்கு வாங்குகிறவரிடம் பேசும்போது ஏ.ஐ வருகிறது, வெளியே போகிற ஊழியரிடம் பேசும்போது ஏ.ஐ காணாமல் போகிறது. ஏன்? இயந்திரத்தால்தான் வேலை போகிறது என்று ஒப்புக் கொண்டால், அவருக்கு நீ என்ன செய்தாய் என்ற கேள்வி வரும். திறமை பொருந்தவில்லை என்று சொல்லி விட்டால் பழி அவர் தலையிலேயே விழுந்து விடுகிறது அல்லவா? 15 வருடம் உழைத்த நடுத்தர வயது ஊழியர், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்திற்குக் கூடப் போகாமல் வீட்டிற்குள் முடங்கிக் கிடக்கிறார். பணத்தோடு மானமும் போயிற்று. இந்த நஷ்டம் எந்த ஆண்டறிக்கையில் வரும்?

எச்.சி.எல். நிறுவனத்தின் தலைவர் சி. விஜயகுமார் கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர். 2025 பிப்ரவரியில் மும்பையில் நாஸ்காம் மாநாட்டில் பேசியபோது, முப்பது ஆண்டுகளாக இருந்து வந்த தொழில்முறை முடிந்து விட்டது என்றார். பாதி ஆட்களை வைத்துக் கொண்டு இரண்டு மடங்கு வருமானம் காட்ட முடியுமா என்று தம் அணிகளுக்குச் சவால் விட்டிருப்பதாகவும் சொன்னார். கசப்பான பேச்சு. ஆனால் மூடி மறைக்காத பேச்சு! சரக்கு சொத்தை என்றால் சொத்தை என்று சொல்லி விற்கிற வியாபாரி மேல் எனக்கு ஒரு மரியாதை உண்டு. கேட்ட பிள்ளைகள் குறைந்தபட்சம் தங்கள் வழியைத் தீர்மானித்துக் கொள்ள முடியும். இருந்தாலும் அவரிடமும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது: அந்த மற்றொரு பாதி ஆட்கள் எங்கே போவார்கள்?

சென்னையில் பிறந்து அமெரிக்கப் பங்குச் சந்தை வரை போன ஃபிரஷ்வொர்க்ஸை எடுத்துக் கொள்ளுங்கள். 2024 நவம்பரில் 660 பேரை, அதாவது 13 சதவீதம் பேரை நீக்கினார்கள். அதே நேரத்தில் 40 கோடி டாலருக்குத் தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்கப் போவதாகவும் அறிவித்தார்கள். கையில் காசில்லாமலா ஆட்களை அனுப்பினார்கள்? இதைப் பெயர் சொல்லாமல், அப்பட்டமான பேராசை என்று கண்டித்தவர் சோஹோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு. ஒரு முதலாளியே இன்னொரு முதலாளியைப் பார்த்துச் சொன்னது இது. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்துக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு வேலை கொடுத்தவர் என்ற வகையில் அவர் சொல்லுக்கு ஒரு கனம் உண்டு. அதே வேம்பு 2025 மே மாதத்தில், வரப்போகும் மாற்றம் மென்பொருள் வேலைகளில் ஏராளமானவற்றை அழித்து விடக்கூடும் என்றார். மென்பொருள் பொறியாளருக்கு மற்றவர்களை விட அதிகச் சம்பளம் என்பது பிறப்புரிமை அல்ல என்றும் சொன்னார். உண்மைதான். ஆனால் அந்தக் கூடுதல் சம்பளத்தை நம்பித்தானே வங்கிக் கடன் வாங்கப்பட்டிருக்கிறது? வங்கிக்காரர் பிறப்புரிமையைப் பற்றியெல்லாம் கேட்க மாட்டாரே!

நம் கடைத்தெருவுக்கும் கொஞ்சம்

இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஜவுளிக்கடை, இரும்புக்கடை, அரிசி மண்டி பாய்மார்கள் சந்தோஷமாகத் தலையாட்டுகிறீர்கள். உங்களையும் விட மாட்டேன். அண்மையில் நம் ஊர் வியாபாரி ஒருவர், ஏதோ கருத்தரங்கத்திற்குப் போய் வந்தவர், என்னிடம் ஆர்வமாகச் சொன்னார்: ஹஜ்ரத், இனிமேல் கணக்குப்பிள்ளையே வேண்டாம், போனே கணக்கு எழுதி விடும்! நல்லது, உங்கள் கணக்குப்பிள்ளைக்கு எத்தனை வருட சர்வீஸ் என்றேன். 22 வருடம் என்றார். அவரிடம் இதைச் சொல்லி விட்டீர்களா என்றேன். பதில் இல்லை. என்னிடம் சொல்ல முடிந்ததை அவரிடம் சொல்ல முடியவில்லை! பெரிய முதலாளி இங்கிலீஷில் செய்வதை நாம் தமிழில் செய்தால் அது நியாயமாகி விடுமா? அந்தக் கணக்குப்பிள்ளையை அழைத்து அந்தப் போனை அவர் கையில் கொடுத்தால் இன்னும் இரண்டு கடையின் கணக்கைப் பார்ப்பார். அவருக்குத்தானே தெரியும் யார் கடனைத் திருப்புவார், யார் திருப்ப மாட்டார் என்று?

வாய்வார்த்தை போதாது

கல்வராயன் மலை 1976 வரை ஜாகிர்தார்கள் வசம் இருந்தது. எழுத்தில் எதுவும் இல்லை, மரபு என்ற பெயரில் மலைவாழ் மக்களின் கூலியில்லா உழைப்பு அங்கே வாங்கப்பட்டது. பிறகு வேறொரு வகை வாய்வார்த்தை வந்தது. மேஸ்திரி வருவார், முன்பணம் நீட்டுவார், நல்ல கூலி என்பார். போன இடத்தில் கூலி வேறு, வேலை வேறு. இன்றைக்கு மேடைகளில், கடைக்கோடிக் கிராமத்திற்கும் ஏ.ஐ மருத்துவம் கொண்டு வரும், கல்வி கொண்டு வரும் என்கிறார்கள். வரட்டும், வரவேற்போம். ஆனால் 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போன பிறகு, சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கல்வராயன் மலை மக்களின் நிலை குறித்து வழக்கு எடுத்ததே, அங்கே எதைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது? சாலையைப் பற்றி, பேருந்தைப் பற்றி, மருத்துவ வசதியைப் பற்றி. வெள்ளிமலைக்கு மேலே இருக்கிற குக்கிராமத்திலிருந்து ஒரு கர்ப்பிணி கீழே இறங்கி வருவதற்கு முதலில் வேண்டியது ரோடு!

இன்னொன்றையும் கவனியுங்கள். 2023 ஏப்ரலில் தைவானின் பௌ சென் குழுமத்தைச் சேர்ந்த ஹை குளோரி ஃபுட்வேர் நிறுவனம் நம் மாவட்டத்தில் காலணித் தொழிற்சாலை அமைக்கத் தமிழக அரசோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. 2,302 கோடி ரூபாய் முதலீடு, 20,000 பேருக்கு வேலை என்று அறிவிக்கப்பட்டது. அதாவது தொழில் தொடங்க வரும்போது வேலைக்கு எண்ணிக்கை உண்டு, காகிதமும் உண்டு. இயந்திரத்தைக் கொண்டு வந்து வேலையைக் குறைக்கும்போது மட்டும் எண்ணிக்கையும் இல்லை, காகிதமும் இல்லையா?

முடியாத காரியம் ஒன்றும் இல்லை. இந்த நாட்டில் நடந்திருக்கிறது. வங்கிகளுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது ஊழியர் சங்கங்கள் சும்மா இருக்கவில்லை. இந்திய வங்கிகள் சங்கத்தோடு உட்கார்ந்து 1983லும் 1987லும் எழுத்து மூலம் ஒப்பந்தம் போட்டார்கள். எத்தனை இயந்திரங்கள், எந்தக் கிளைகளில், அதை இயக்குகிற ஊழியருக்கு என்ன படி என்பது வரை பேசி எழுதினார்கள். கம்ப்யூட்டர் வந்தது, நின்று விடவில்லை. அமெரிக்காவில் 2023ல் சினிமா எழுத்தாளர்கள் 148 நாட்கள் வேலைநிறுத்தம் செய்து, ஏ.ஐயை எழுத்தாளராகக் கணக்கில் எடுக்கக் கூடாது, ஏ.ஐ எழுதியதைக் கொடுத்தால் அதைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார்கள்.

நம் சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. ஆட்குறைப்புக்கு வழி வகுக்கக்கூடிய இயந்திர மாற்றம் அல்லது வேலைமுறை மாற்றம் செய்வதாக இருந்தால் தொழிலாளர்களுக்கு 21 நாட்களுக்கு முன் நோட்டீஸ் தர வேண்டும் என்பது 1947ஆம் ஆண்டு தொழிற் தகராறுகள் சட்டத்திலேயே இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்திற்கு வந்திருக்கும் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. புதிய தொகுப்பு தொழிலாளிக்குப் பாதகமானது என்று சொல்லத் தக்க காரணங்கள் உண்டு. முன்பு 100 பேர் வேலை செய்யும் தொழிற்சாலை ஆட்குறைப்புக்கு அரசிடம் அனுமதி வாங்க வேண்டும். இப்போது 300 பேர் இருந்தால்தான். ஆனால் அதே தொகுப்பில், ஆட்குறைப்பு செய்யப்படும் ஒவ்வொரு தொழிலாளிக்காகவும் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 15 நாள் தொகையை மறுதிறன் பயிற்சி நிதிக்கு முதலாளி செலுத்த வேண்டும், 45 நாட்களுக்குள் அது தொழிலாளியின் கணக்கிற்கு வர வேண்டும் என்றும் இருக்கிறது.

ஐ.டி. ஊழியர்கள் எங்கே தொழிலாளி, அவர்கள் எக்ஸிகியூட்டிவ் என்று கம்பெனிக்காரர்கள் சொல்வார்கள். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவருக்கும், 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குகிற மேற்பார்வையாளருக்கும் இந்தப் பாதுகாப்பு இல்லை என்பது உண்மை. அதனால்தான் வேலையில் சேர்ந்த உடனே பெரிய பெரிய பட்டப் பெயர்கள் கொடுக்கிறார்கள் போலும்! பெயர்ப் பலகையை வைத்து எதுவும் முடிவாகி விடாது. செய்கிற வேலை என்ன என்பதுதான் கேள்வி. ஐ.டி. ஊழியர்களும் சங்கம் வைத்துக் கொள்ளலாம் என்று தமிழக அரசே 2016ல் உயர் நீதிமன்றத்தில் சொல்லியிருக்கிறது.

ஆகவே இந்த வருடம் கல்லூரிக்கு ஆள் எடுக்க வருகிறவர்களிடம், சம்பளம் எவ்வளவு என்பதோடு நிறுத்தி விடாதீர்கள் தம்பிகளே! ஆர்டரில் என் பணிப் பெயர் என்ன, அந்தப் பணியில் நான் செய்யப் போகும் வேலை என்ன, ஓராண்டில் எத்தனை நாள் புராஜெக்ட் இல்லாமல் இருந்தால் வெளியே அனுப்புவீர்கள், பயிற்சிக் காலத்தில் நீக்கினால் என்ன தருவீர்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். டி.சி.எஸ். 2025 ஜூனில் ஓராண்டில் 225 நாட்கள் வருமானம் தரும் வேலையில் இருக்க வேண்டும், 35 நாட்களுக்கு மேல் பெஞ்சில் இருக்கக் கூடாது என்று விதி வைத்தது. அவர்கள் நாள் கணக்கை எழுதி வைத்துக் கொள்ளும்போது நீங்கள் எழுதிக் கேட்பதில் என்ன வெட்கம்? ஏற்கனவே வேலையில் இருப்பவர்களை ராஜினாமாக் கடிதம் எழுதித் தரச் சொன்னால் அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். ராஜினாமா என்று எழுதி விட்டால் அது ஆட்குறைப்பு ஆகாது. மேலே சொன்ன 15 நாள் சம்பளத்தைக் கேட்கவும் வழி இருக்காது. நாளை தருகிறேன் என்று சொல்லி விட்டு வெளியே வந்து, சங்கத்திடமோ ஒரு வழக்கறிஞரிடமோ அந்தக் காகிதத்தைக் காட்டுங்கள்.